எந்தப் பெயரில் பதிவது? மேற்காசியாவின் சிறு மதங்கள்: வாசகர் கேள்வி பதில்

இராக், ஈரான் போன்ற முஸ்லிம் பெரும்பான்மை நாடுகளில் வாழும் சிறு மதத்தவரைப் பற்றியும், அவர்களுடைய நம்பிக்கைகள் எங்கிருந்து வந்தன என்பது பற்றியும் வந்த கேள்விகளில் சில இங்கே.

கேள்வி: இராக்கின் யஸீதிகள் மயிலை வணங்குகிறார்கள். அவர்களுடைய வெண்கல விளக்கு நம் மயில் குத்துவிளக்கைப் போலவே இருக்கிறது. கோவில் வாசலில் பாம்பு இருக்கிறது. இவர்கள் பழைய முருக பக்தர்கள் என்று வாட்ஸ்ஆப்பில் ஒரு செய்தி சுற்றுகிறதே, உண்மையா?

இல்லை. படங்கள் உண்மையானவை. கூடவே வரும் விளக்கம்தான் தவறு.

நீங்கள் பார்த்த விளக்கின் பெயர் சஞ்சக். தண்டு, அதில் கிண்ணங்களும் குமிழ்களும், உச்சியில் ஒரு பறவை என வெண்கலத்தில் தனித்தனியாக வார்த்து ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்துவார்கள். கழற்றித் துணியில் சுற்றி எடுத்துப்போக வசதியாக இருக்கும். கவ்வால் எனப்படும் பாடகர்கள் அதைக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோவார்கள். ஒரு வீட்டில் அதைப் பொருத்தி நிறுத்தி, தஃபும் குழலும் முழங்க ‘கவ்ல்’ என்ற புனிதப் பாடல்களைப் பாடுவார்கள். ஊர் மக்கள் வந்து வணங்கிக் காணிக்கை வைப்பார்கள். அது தாவூஸி மெலெக்கின் சின்னம். கடவுள் ஏழு வானவர்களைப் படைத்து உலகை அவர்கள் பொறுப்பில் விட்டார், அவர்களில் தலைவர் இந்த மயில் வானவர் என்பது யஸீதிகளின் நம்பிக்கை.

ஒரு மதம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்பவர்கள் சிற்பத்துக்கு முன்னால் சொற்களைப் பார்க்க வேண்டும். ‘தாவூஸ்’ அரபியில் மயில். ‘மெலெக்’ அரபியில் வானவர். யஸீதி சமூகத்தின் மூன்று பிரிவுகளுக்குப் பெயர் ஷேக், பீர், முரீது. நாகூர் தர்காவுக்குப் போய்வந்தவர்களுக்கு இந்தச் சொற்களை விளக்கவே வேண்டாம். மூன்றும் சூஃபி வழக்கு. மூன்று பிரிவினருக்கிடையே கொள்வினை கொடுப்பினை கிடையாது என்பதால் நம் சாதி நினைவுக்கு வரலாம். ஆனால் பிரிவுகளின் பெயரும் வேலையும் குருவுக்கும் சீடருக்கும் உள்ள உறவிலிருந்து எழுந்தவை.

வட இராக்கின் லாலிஷ் பள்ளத்தாக்கில் அடங்கியிருப்பவர் ஷேக் அதீ. லெபனானின் பெகா சமவெளியில் பிறந்தவர், பாக்தாதில் கற்றவர், முஹ்யித்தீன் ஆண்டவர் என்று நம்மூரில் போற்றப்படும் அப்துல் காதிர் ஜீலானியின் காலத்தவர். 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லாலிஷுக்கு வந்து 1160களின் தொடக்கத்தில் மறைந்தார். அவர் முஸ்லிம் சூஃபி என்பதில் ஐயமில்லை. அவர் தங்கிய மலைப்பகுதியின் குர்துக்களிடம் அதற்கு முன்பே பழைய ஈரானிய நம்பிக்கைகள் இருந்தன. ஏழு புனித வடிவங்கள், இலையுதிர்காலக் கூடலில் காளைப் பலி, புனித நெருப்பு ஆகியவற்றை அந்த அடுக்கைச் சேர்ந்தவை என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஈரான் எல்லைப்பக்கம் வாழும் யார்ஸான் என்ற மதத்தவரிடமும் ஏழு வடிவங்களும் மறுபிறவியும் உண்டு. பக்கத்து வீட்டில் இவ்வளவு நெருங்கிய உறவு இருக்கும்போது கடல் கடந்து உறவு தேட வேண்டியதில்லை.

பாம்பையும் மயிலையும் பார்ப்போம். முஸ்லிம் உலகில் வழங்கும் ஆதம் கதைகளில், இப்லீஸ் எனும் சைத்தான் சொர்க்கத்துக்குள் நுழைய உதவியவை மயிலும் பாம்பும். இரண்டும் ஆதமோடு சேர்த்தே வெளியேற்றப்பட்டன. இரண்டும் சேர்ந்து வர அங்கேயே ஒரு கதை இருக்கிறது. லாலிஷ் வாசலில் உள்ள கருப்புப் பாம்பு, நூஹ் (நோவா) நபியின் கப்பலில் விழுந்த ஓட்டையை உடலால் அடைத்த பாம்பு என்று யஸீதிகளே விளக்கம் சொல்கிறார்கள். எபிரேயத்தில் மயிலைக் குறிப்பதாகக் கொள்ளப்படும் ‘துக்கி’ என்ற சொல் நம் ‘தோகை’யிலிருந்து போனது என்பது அறிஞர் பலர் ஏற்கும் கருத்து. பறவையும் பெயரும் சரக்கோடு கப்பலேறியிருக்கலாம். அதைக்கொண்டு வழிபாடும் ஏறிப்போனது என்று சொல்ல முடியாது.

இந்த வாட்ஸ்ஆப் செய்தியைப் பகிர்பவர்கள் அன்பினால்தான் பகிர்கிறார்கள். ஆனாலும் அது யஸீதிகளுக்குத் தீங்கு செய்கிறது. ‘இவர்கள் உண்மையில் வேறு யாரோ’ என்று சொல்லிச் சொல்லித்தான் நூற்றாண்டுகளாக அவர்களைத் துரத்தினார்கள்.

கேள்வி: யஸீதிகளின் வேதம் என்று ‘கருப்பு நூல்’ என்ற ஒரு நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பு கிடைத்தது. அது அசலா?

‘மிஸ்ஹெஃபா ரெஷ்’ எனும் கருப்பு நூலும், ‘ஜில்வா’ என்ற இன்னொன்றும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து ஐரோப்பிய நூலகங்களுக்கு விற்கப்பட்டவை. கைப்பிரதிகளைத் தயாரித்தவர்கள் யஸீதிகள் அல்ல, வெளியார் என்பது இன்று ஆய்வுலகின் முடிவு. உள்ளே இருக்கும் செய்திகள் பலவும் யஸீதி மரபில் வழங்குபவைதான். நூல் என்ற வடிவம்தான் போலி. எனவே அதை வேதமாகப் படிக்காதீர்கள். கேள்விப்பட்டவர்கள் எழுதிய குறிப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

உண்மையான மூலம் கவ்ல்கள். குர்மாஞ்சி எனும் குர்து மொழியில், குரு வாயால் சொல்ல மாணவன் மனப்பாடம் செய்து வந்தவை. எழுதுவதே தகாது என்ற எண்ணம் நெடுங்காலம் இருந்தது. 1970களின் இறுதியில்தான் படித்த யஸீதிகளே அவற்றைத் தொகுத்து அச்சிடத் தொடங்கினார்கள். ஒரு கவ்ல் தனியாக நிற்காது. அதை விளங்கிக்கொள்ள ‘சீரோக்’ என்ற கதை தெரிந்திருக்க வேண்டும். கதை தெரியாமல் பாட்டை மட்டும் மொழிபெயர்த்தால் பாதி வரிகள் உளறலாகத் தெரியும். பழைய மொழிபெயர்ப்புகள் சறுக்கியது இங்கேதான்.

இப்படியொரு போலி ஏன் தேவைப்பட்டது? புத்தகம் இல்லாத மதத்தை மதமாகவே யாரும் எண்ணவில்லை. சுற்றியிருந்த முஸ்லிம் சட்டமும் எண்ணவில்லை, வந்த ஐரோப்பியரும் எண்ணவில்லை. அடுத்த கேள்வி அதைப் பற்றியதே.

கேள்வி: ‘வேதம் உடையவர்கள்’ என்று குர்ஆன் யாரைச் சொல்கிறது? அதில் சேராதவர்கள் என்ன ஆனார்கள்?

அஹ்லுல் கிதாப் என்றால் யூதரும் கிறிஸ்தவரும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. 2:62, 5:69 வசனங்கள் இவர்களோடு ஸாபியீன்கள் என்ற கூட்டத்தையும் சேர்த்துச் சொல்கின்றன. 22:17 மஜூஸிகளையும், அதாவது நெருப்பை முன்வைத்து வழிபடும் ஜொராஸ்டிரியரையும், குறிப்பிடுகிறது. 9:29 வேதம் கொடுக்கப்பட்டவர்களிடம் ஜிஸ்யா வரி பெறுவதைப் பேசுகிறது. வரி கட்டியவருக்கு உயிர், உடைமை, வழிபாடு ஆகியவற்றுக்குப் பாதுகாப்பு உண்டு. அவர் திம்மி. ஆக ‘உன் மதம் எங்கிருந்து வந்தது, உனக்கு நபி யார், வேதம் எது’ என்ற கேள்வி அந்தச் சமூகத்தில் தத்துவக் கேள்வியாக மட்டும் இருக்கவில்லை. உயிரோடு இருப்பதும் அதன் பதிலைப் பொறுத்ததாக இருந்தது.

முதல் சிக்கல் ஈரானை வென்றதும் வந்தது. மஜூஸிகளை என்ன செய்வது என்று கலீஃபா உமர் தயங்கினார். ஹஜர் பகுதி மஜூஸிகளிடம் நபி ஜிஸ்யா பெற்றிருக்கிறார் என்று நபித்தோழர் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் சாட்சி சொன்ன பிறகுதான் அது தீர்ந்தது. ஆனாலும் கிடைத்தது முழு இடமல்ல. யூத, கிறிஸ்தவப் பெண்ணை முஸ்லிம் ஆண் மணக்கலாம், அவர்கள் அறுத்த இறைச்சியை உண்ணலாம். மஜூஸிகளுக்கு இவை இரண்டும் பொருந்தாது என்பதே பெரும்பான்மைச் சட்ட அறிஞர் கருத்து.

சட்டப்பள்ளிகளுக்கிடையே வேறுபாடு உண்டு. ஷாஃபிஈ, ஹன்பலி பள்ளிகள் வேதம் உடையவர், மஜூஸிகள் ஆகியோரோடு நிறுத்திக்கொண்டன. ஹனஃபி பள்ளி அரபுச் சிலைவழிபாட்டினரை மட்டும் விலக்கி, மற்ற எல்லோரிடமும் ஜிஸ்யா பெறலாம் என்றது. மாலிகி பள்ளியும் ஏறத்தாழ அந்தப் பக்கமே. 8ஆம் நூற்றாண்டில் சிந்து வெல்லப்பட்டபோது, அங்குள்ள கோவில்களும் கிறிஸ்தவரின் தேவாலயங்கள், மஜூஸிகளின் நெருப்புக்கோவில்கள் போன்றவையே என்று படைத்தலைவர் முஹம்மது இப்னு காசிம் சொன்னதாக வரலாற்றாசிரியர் அல்-பலாதுரி எழுதியிருக்கிறார்.

ஹர்ரான் நகரத்தின் கதையைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். இன்றைய துருக்கியின் தென்கிழக்கில் உள்ள ஊர் அது. இஸ்லாம் வந்து 200 ஆண்டுகள் ஆன பிறகும் அங்கே ஒரு கூட்டம் சந்திரனையும் கோள்களையும் வணங்கிக்கொண்டிருந்தது. இப்னு அந்-நதீம் தன் ‘ஃபிஹ்ரிஸ்த்’ நூலில் தரும் செய்தி இது: 830இல் பைசாந்தியப் போருக்குப் போகும் வழியில் கலீஃபா மாமூன் இவர்களைப் பார்த்தார். நீண்ட தலைமுடி, இறுக்கமான அங்கி. ‘நீங்கள் யார்? யூதரா? கிறிஸ்தவரா? மஜூஸிகளா?’ எல்லாவற்றுக்கும் இல்லை என்றார்கள். ‘வேதம் உண்டா? நபி உண்டா?’ முணுமுணுத்தார்கள். ‘நான் திரும்பி வருவதற்குள் முஸ்லிமாகுங்கள், அல்லது குர்ஆன் சொல்லும் மதங்களில் ஒன்றில் சேருங்கள், இல்லையேல் கொல்லப்படுவீர்கள்’ என்று சொல்லிவிட்டுப் போனார். சிலர் முடியை வெட்டிக்கொண்டு கிறிஸ்தவரானார்கள், சிலர் முஸ்லிமானார்கள். மிஞ்சியவர்கள் ஊரில் இருந்த ஒரு சட்ட அறிஞரிடம் போனார்கள். அவர் நிறையப் பணம் வாங்கிக்கொண்டு, ‘கலீஃபா வந்தால் நாங்கள் ஸாபியீன்கள் என்று சொல்லுங்கள். அந்தப் பெயர் குர்ஆனில் இருக்கிறது’ என்றார். மாமூன் திரும்பவில்லை, 833இல் போர்ப் பயணத்திலேயே இறந்தார். பெயர் நிலைத்துவிட்டது.

இந்தச் செய்திக்கு இப்னு அந்-நதீம் ஆதாரமாகக் கொண்டவர் ஒரு கிறிஸ்தவர். ஹர்ரானியர்மீது அவருக்கு அன்பு இல்லை என்பதால் இதை அப்படியே நம்பக் கூடாது என்று ஆய்வாளர்கள் எச்சரிக்கிறார்கள். கதை நடந்ததோ இல்லையோ, அந்தப் பெயரில் அவர்கள் நிம்மதியாக வாழ்ந்தார்கள். பாக்தாதின் பெரும் கணித மேதை தாபித் இப்னு குர்ரா (மறைவு 901) ஹர்ரானின் ஸாபியீனாகவே வாழ்ந்து மறைந்தவர்.

கேள்வி: ஜிஸ்யா எவ்வளவு? ஏழைகளும் கட்டினார்களா?

ஹனஃபி நூல்கள் சொல்லும் அளவு ஆண்டுக்கு 12, 24, 48 திர்ஹம். உழைத்துப் பிழைப்பவர், நடுத்தரத்தினர், செல்வர் என்ற வரிசையில். ஒரு திர்ஹம் ஏறத்தாழ 2.97 கிராம் வெள்ளி. ஆகக் குறைந்த அளவு 36 கிராம் அளவுக்கும், மேல் அளவு 143 கிராம் அளவுக்கும் வரும். பெண்கள், சிறுவர், அடிமைகள், தீராத நோயாளிகள், சம்பாதிக்க வழியில்லாதவர், மக்களோடு பழகாத துறவிகள் ஆகியோர் கட்ட வேண்டியதில்லை.

ஏட்டில் இப்படி. நடைமுறையில் இரண்டு இடங்களில் கெட்டது. ஒன்று, ஊருக்கு இவ்வளவு என்று மொத்தமாகத் தொகை விதித்த இடங்கள்: ஊரில் பாதிப்பேர் மதம் மாறினாலோ ஓடிப்போனாலோ மீதிப் பாதி முழுத் தொகையையும் சுமந்தது. மற்றொன்று, ஏழை என்பதை மெய்ப்பிப்பது. கெய்ரோவின் பழைய பகுதியான ஃபுஸ்தாத்தில் ஒரு யூதத் தொழுகைக்கூடத்தில் கிடைத்த கெனிஸா ஆவணங்களில், வரி பாக்கிக்காக ஒளிந்து வாழ்பவர்களும் அவர்களுக்காக உதவி கேட்கும் கடிதங்களும் நிறைய உண்டு. வரியோடு சிறு அவமதிப்பும் சேர்க்க வேண்டும் என்று எழுதிய சட்ட அறிஞர்கள் இருந்தார்கள். அதைத் தவறு என்று கண்டித்து எழுதியவர்களும் அதே மரபில் இருந்தார்கள், இமாம் நவவி அவர்களில் ஒருவர்.

எகிப்தில் 1855இலும், உதுமானியப் பேரரசில் 1856 அரசாணையை ஒட்டியும் ஜிஸ்யா ஒழிந்தது. ஈரானின் ஜொராஸ்டிரியருக்கு 1882 வரை நீடித்தது. பம்பாய் பார்சிகள் அனுப்பிய மானெக்ஜி லிம்ஜி ஹதாரியா பல ஆண்டுகள் ஷாவின் அவையில் மன்றாடியதன் பலன் அது.

கேள்வி: இயேசுவுக்கு ஞானஸ்நானம் கொடுத்த யோவானைப் பின்பற்றும் இராக்கின் மாண்டேயர்கள் வாராவாரம் ஞானஸ்நானம் எடுப்பார்களாமே? எப்படிச் செய்கிறார்கள்?

‘மஸ்புத்தா’ என்பது அதன் பெயர். கிறிஸ்தவ ஞானஸ்நானம் போல வாழ்வில் ஒருமுறை எடுப்பதல்ல. எத்தனை முறையும் எடுக்கலாம். திருமணம், மகப்பேறு, பிணத்தைத் தொட நேர்ந்தது, செய்த தவறு என எதற்குப் பின்னும் எடுக்கலாம். நாள் ஞாயிறு. முதல் நிபந்தனை, நீர் ஓட வேண்டும். ஓடும் நீருக்கு அவர்கள் மொழியில் ‘யர்தனா’ என்று பெயர். அது ஒளியுலகிலிருந்து வரும் உயிர்நீர். தேங்கிய குளம் ஆகாது.

கரையில் முதலில் ‘திரப்ஷா’வை நடுவார்கள். ஒலிவமரக் குச்சிகள் இரண்டைக் குறுக்கே கட்டி, வெள்ளைப் பட்டுத்துணியைத் தொங்கவிட்டு, மிர்ட்டல் செடியின் கொத்துகளைச் செருகிய கொடி அது. பார்க்கச் சிலுவை போல இருக்கும். சிலுவைக்கும் அதற்கும் தொடர்பில்லை. எல்லோரும் ‘ரஸ்தா’ என்ற வெள்ளைப் பருத்தி உடை அணிவார்கள். சட்டை, கால்சட்டை, தலைப்பாகை, தோளில் நீண்ட துண்டு, இடுப்பில் கம்பளி நூல் கச்சை. பூசாரி ‘தர்மிதா’ கையில் ஒலிவக் கோல் இருக்கும்.

பூசாரி வேண்டுதல்களை முடித்து முதலில் இறங்குவார். ஞானஸ்நானம் பெறுபவர் பின்னால் இறங்கித் தானே மூன்று முறை மூழ்குவார். பிறகு பூசாரி அவரை மூன்று முறை நீரில் ஆழ்த்துவார். நெற்றியில் நீரால் மூன்று முறை தடவுவார். தன் உள்ளங்கையில் அள்ளி மூன்று மிடறு குடிக்கத் தருவார். மிர்ட்டல் தழையில் சிறு வளையம் பின்னித் தலைப்பாகைக்குள் செருகுவார். தலையில் கைவைத்து ஒளியுலகத்தவரின் பெயர்களைச் சொல்லுவார். இருவரும் வலக்கை கோர்ப்பார்கள். அந்தக் கைகோர்ப்புக்குப் பெயர் ‘குஷ்தா’, வாய்மை. இத்தனையும் இடுப்பளவு நீரில். கரையேறி ஈர உடையோடு உட்கார்ந்தால் நெற்றியில் எள்ளெண்ணெய், பிறகு ‘பிஹ்தா’ எனும் புளிக்காத சிறு ரொட்டி, ‘மம்புஹா’ எனும் ஆற்றுநீர், மறுபடி குஷ்தா. சொல்லிலோ வரிசையிலோ பூசாரி தவறினால் சடங்கு கெடும். அவர் தன்னைத் தூய்மைப்படுத்திக்கொள்ளத் தனிச் சடங்குகள் செய்ய வேண்டும்.

இன்று எங்கே தடுமாறுகிறது? ஆற்றில். டைகிரிஸில் சாக்கடை கலக்கிறது, கோடையில் நீர்மட்டம் விழுகிறது. குடிக்கவும் வேண்டிய நீர் அது. ஓடினால் போதும் என்று குழாய்நீரைத் தொட்டிக்குள் பாயவிட்டு வெளியேற்றலாமா என்று அவர்களுக்குள்ளேயே விவாதம். புலம்பெயர்ந்தவர்களில் சிட்னிக்காரர்கள் நெப்பியன் ஆற்றில் இறங்குகிறார்கள். ஸ்வீடனின் குளிரில் ஆண்டு முழுதும் அது நடக்காது என்பதால், டால்பி என்ற ஊரில் ஓடும் நீர்த்தொட்டியோடு கட்டிய வழிபாட்டிடம் 2018இல் திறக்கப்பட்டது.

ஆள்பற்றாக்குறை இன்னும் பெரிய இடர். வெளியிலிருந்து யாரும் மதத்தில் சேர முடியாது. பூசாரி குலத்தில் பிறந்தவரே தர்மிதா ஆக முடியும். தர்மிதாவை ஆக்க மேல்நிலைப் பூசாரி வேண்டும். 1831 காலராவில் பூசாரிகள் ஏறக்குறைய அனைவரும் மாண்டுபோனார்கள். பூசாரிக் குடும்பத்தில் பிறந்து கற்றுக்கொண்டிருந்த யஹ்யா பிஹ்ராம், ராம் ஸிஹ்ரூன் இருவரும் ஒருவருக்கொருவர் முடிசூட்டி மரபை மீட்டார்கள். சட்டப்படி பார்த்தால் செல்லாத செயல். அதைச் செய்திராவிட்டால் இன்று மஸ்புத்தாவே இருந்திராது. 2003க்கு முன் இராக்கில் 50,000, 60,000 என்று மதிப்பிடப்பட்ட இம்மக்களில் பெரும்பாலானோர் இன்று நாட்டுக்கு வெளியே இருக்கிறார்கள்.

கேள்வி: அப்படியானால் மாண்டேயர்கள் யோவானின் சீடர்களிலிருந்து வந்தவர்களா?

17ஆம் நூற்றாண்டில் பஸ்ராவுக்கு வந்த கத்தோலிக்கத் துறவிகள் இவர்களை ‘யோவானின் கிறிஸ்தவர்கள்’ என்று எழுதினார்கள். முழுத் தவறு. இவர்களுடைய வேதமான கின்ஸா ரப்பா இயேசுவைப் பொய்த் தூதராகவே சொல்கிறது. ஆதாமே முதல் குரு. யோவான் கடைசிப் பெருங்குரு, மதத்தைத் தோற்றுவித்தவர் அல்லர்.

தோற்றம் பற்றி ஆய்வாளர்கள் இரண்டு கட்சி. ‘யர்தனா’ என்பது யோர்தான் என்ற பெயரேதான், இவர்களுடைய பழங்கதையும் எருசலேமிலிருந்து கிழக்கே ஓடிவந்ததைச் சொல்கிறது, எனவே மேற்கிலிருந்து வந்தவர்கள் என்பது ஒன்று. மொழி கிழக்கு அராமி, சடங்குச் சொற்களில் பாபிலோனியச் சாயல், எனவே மண்ணின் மைந்தர்கள் என்பது மற்றொன்று. சிறு குழு ஒன்று மேற்கிலிருந்து வந்து உள்ளூர் மரபோடு கலந்திருக்கலாம் என்பதே எங்களுக்கு ஏற்புடையதாகத் தெரிகிறது.

யோவானைப் பற்றி மட்டும் ஒரு நுணுக்கமான சான்று உண்டு. அராமியில் அவர் பெயர் ‘யூஹனா’. மாண்டேய நூல்களில் ‘யஹ்யா யூஹனா’ என்று இரட்டையாக வருகிறது. ‘யஹ்யா’ அரபி வடிவம், குர்ஆனில் வரும் நபியின் பெயர். அரபு ஆட்சி வந்த பிறகும் அந்த நூல்கள் திருத்தி எழுதப்பட்டன என்பதற்கு இந்த ஒரு சொல்லே சாட்சி. ‘உங்கள் நபி யார்’ என்று கேட்ட ஆட்சியாளரிடம் சொல்ல ஒரு பெயர் தேவைப்பட்டபோது, ஏற்கெனவே இருந்த யோவான் முன்வரிசைக்கு வந்தார் என்று பல அறிஞர் கருதுகிறார்கள். மாண்டேயர்கள் இதை ஏற்பதில்லை.

கேள்வி: ஈரானில் ஜொராஸ்டிரியருக்கு நாடாளுமன்றத்தில் இடம் இருக்கிறது, பஹாய்களுக்கு எதுவும் இல்லை. இருவரும் ஈரானிய மதத்தவர்தானே?

ஈரான் அரசியல் சட்டத்தின் 13ஆம் பிரிவு ஜொராஸ்டிரியர், யூதர், கிறிஸ்தவர் ஆகிய மூவரை மட்டுமே மதச் சிறுபான்மையினராக ஏற்கிறது. 64ஆம் பிரிவின்படி ஜொராஸ்டிரியருக்கு 1, யூதருக்கு 1, அசீரிய, கல்தேயக் கிறிஸ்தவருக்குச் சேர்த்து 1, ஆர்மேனியருக்கு 2 இடங்கள்.

பஹாய் மதம் 1844இல் ஷிராஸ் நகரில் பாப் என்பவர் செய்த அறிவிப்பில் தொடங்கி, 1863இல் பாக்தாதில் அவர் வழிவந்த பஹாவுல்லாவின் அறிவிப்பில் உருக்கொண்டது. முஹம்மது நபியைக் கடைசி நபி என்று குர்ஆன் 33:40 சொல்கிறது. அவருக்கு முன் தோன்றிய மதத்துக்கு ஓர் இடம் உண்டு. பின் தோன்றியது மதமே அல்ல, வழிதவறல் என்பதே ஈரானிய அரசின் வாதம். தோற்றத்தின் தேதி இங்கே குடியுரிமையைத் தீர்மானிக்கிறது. ஈரானின் முஸ்லிம் அல்லாத சிறுபான்மையினரில் பஹாய்களே அதிகம் என்றாலும், 1991இல் எழுதப்பட்ட ஓர் அரசுக் குறிப்பு அவர்களைப் பல்கலைக்கழகத்தில் சேர்க்கக் கூடாது என்றது. 2020 தொடக்கத்தில் அடையாள அட்டை விண்ணப்பத்தில் இருந்த ‘பிற மதம்’ என்ற வரியும் நீக்கப்பட்டது. உண்மை சொன்னால் அட்டை இல்லை. பொய் சொல்வதை அவர்கள் மதம் அனுமதிப்பதில்லை.

ஏற்கப்பட்டவர்களின் நிலையும் சமம் என்று எண்ண வேண்டாம். குடிமைச் சட்டத்தின் 881க்குத் துணையான பிரிவின்படி, ஒரு ஜொராஸ்டிரியர் இறந்தால் அவர் வாரிசுகளில் யாராவது ஒருவர் முஸ்லிமாக இருந்தால் சொத்து முழுதும் அவருக்கே. யஸ்த் நகரசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஜொராஸ்டிரியரான ஸெபந்தா நிக்னாம் 2017இல் மதத்தைக் காரணம் காட்டி நிறுத்திவைக்கப்பட்டு, 2018இல் மீண்டும் அமர்த்தப்பட்டார். அவரை ஆதரித்துப் பேசியவர்களில் முஸ்லிம்கள் பலர்.

கேள்வி: யஸ்த் கோவில் நெருப்பு 1,500 ஆண்டுகளாக அணையவில்லை என்பது நடக்கக் கூடியதா?

470ஆம் ஆண்டு வாக்கிலிருந்து எரிவதாக மரபுக் கணக்கு. ஓரிடத்தில் அல்ல, பல ஊர்கள் மாறி, இப்போதுள்ள கட்டடத்துக்கு வந்தது 1934இல். நெருப்பை அணையாமல் வைப்பதும் கொண்டுபோவதும் நடக்கக்கூடியவைதான். தணலைச் சாம்பலால் மூடினால் காற்று மட்டுப்பட்டு மணிக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். சாம்பலை விலக்கிக் காய்ந்த சுள்ளியை வைத்தால் பற்றும். நாளில் பலமுறை பூசாரி வாயை வெள்ளைத் துணியால் மூடிக்கொண்டு, வாதுமை போன்ற உலர்ந்த கட்டைகளை இடுவார். மூச்சும் எச்சிலும் நெருப்பில் படக் கூடாது. ஈரக் கட்டை புகையும், வெடித்துத் தெறிக்கும் என்பதால் ஆகாது. ஆபத்துக் காலத்தில் யஸ்த் சமவெளிக் கிராமங்களில் சாதாரண மண் வீடு போலக் கட்டி, உள்ளே மறைவறையில் நெருப்பை வைத்துக் காத்தார்கள்.

கேள்வி: இராக்கின் இப்போதைய சட்டம் சிறு மதத்தவரை எப்படி நடத்துகிறது? ஐஎஸ் பிடியிலிருந்து மீண்ட யஸீதிப் பெண்கள் சமூகத்தில் ஏற்கப்பட்டார்களா?

2005 அரசியல் சட்டத்தின் 2ஆம் பிரிவு கிறிஸ்தவர், யஸீதிகள், மாண்டேய ஸாபியீன்கள் (குர்ஆனில் உள்ள அதே பெயரில் மாண்டேயர்) எனப் பெயர் சொல்லி வழிபாட்டுரிமை தருகிறது. 329 நாடாளுமன்ற இடங்களில் யஸீதிகளுக்கு 1, மாண்டேயருக்கு 1, கிறிஸ்தவருக்கு 5. வேதம் இல்லை என்று விரட்டப்பட்டவர்கள் பெயரோடு சட்டத்தில் ஏறியது பெரிய மாற்றம். பஹாய்களைத் தடைசெய்யும் 1970ஆம் ஆண்டுச் சட்டமோ ஏட்டைவிட்டுப் போகவில்லை.

சிக்கல் பதிவேட்டில் தொடங்குகிறது. 2015இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசிய அட்டைச் சட்டத்தின் 26ஆம் பிரிவின்படி, பெற்றோரில் ஒருவர் முஸ்லிமானால் வயதுவராத பிள்ளைகளும் முஸ்லிமாகப் பதியப்படுவார்கள். மறுதிசையில் மாற வழி கிடையாது. சிறு மதத்தவர் அப்போதே வீதிக்கு வந்து எதிர்த்தார்கள்.

2014 ஆகஸ்ட் 3 அன்று ஐஎஸ் படை யஸீதிகள் வாழும் சிஞ்சார் பகுதியைத் தாக்கி, 6,000க்கும் மேற்பட்ட யஸீதிகளைப் பிடித்துச் சென்றது. யஸீதி மரபில் மதத்துக்கு வெளியே உறவு கொண்டவர், கட்டாயத்தால் ஆனாலும், திரும்ப முடியாது என்பதே அதுவரை விதி. மதத் தலைவர் பாபா ஷேக் குர்த்தோ ஹாஜி இஸ்மாயில் அதை மாற்றினார். மீண்டு வருபவர்கள் நம் மகள்கள், அவர்கள் யஸீதிகளே, அவர்களை மதித்து ஏற்க வேண்டும் என்று அறிவித்தார். பெண்கள் லாலிஷுக்கு வந்தார்கள். வாசற்படியில் கால் படக் கூடாது என்பதால் வெறுங்காலோடு அதைத் தாண்டி உள்ளே போனார்கள். ‘கானியா ஸ்பீ’ எனும் வெள்ளை ஊற்றில் தலையில் நீர் ஊற்றிக்கொண்டார்கள். பிறந்தபோது குழந்தைக்குச் செய்யும் அதே சடங்கு. நூற்றாண்டுப் பழக்கமுள்ள ஒரு மதம் தன் விதியை இவ்வளவு விரைவாக, இவ்வளவு பரிவோடு மாற்றிக்கொண்டது பெரிய செயல்.

பிள்ளைகள் விஷயத்தில் அது நிகழவில்லை. சிறைப்பட்ட காலத்தில் பிறந்த குழந்தைகளையும் ஏற்பதுபோல 2019 ஏப்ரலில் ஆன்மிகக் குழு ஓர் அறிவிப்பு வெளியிட்டது. எதிர்ப்பு எழுந்ததும், அது பலவந்தத்தில் பிறந்தவர்களைச் சேர்க்காது என்று சில நாட்களிலேயே விளக்கம் வந்தது. தாயும் தந்தையும் யஸீதியாக இருந்தால்தான் பிள்ளை யஸீதி என்பது மரபு. நாட்டின் சட்டமோ தந்தை முஸ்லிம் என்றால் பிள்ளையை முஸ்லிமாகப் பதிகிறது. தந்தை யாரென்று தெரியாவிட்டாலும் அப்படியே. 2021 மார்ச் 1 அன்று நிறைவேறிய யஸீதி மீண்டோர் சட்டம் அந்தப் பெண்களுக்கு மாத உதவித்தொகையும், நிலமும், அரசு வேலையில் 2 விழுக்காடு ஒதுக்கீடும் தருகிறது. அவர்களுடைய குழந்தைகளை எந்தப் பெயரில் பதிவது என்று அதில் ஒரு வரி இல்லை. குழந்தையை விட்டுவிட்டு லாலிஷ் ஊற்றுக்கு வந்த தாய்மார்களும் உண்டு, குழந்தையை விட மனமில்லாமல் ஊர் திரும்பாமலே இருப்பவர்களும் உண்டு.